நான்கு பேர் எங்கே?

(வானொலி மறையுரையின் எழுத்து வடிவம்)



மாற்கு நற்செய்தி இரண்டாம் அதிகாரத்தின் தொடக்கத்தில் வரும் நிகழ்ச்சி நம் எல்லாருக்கும் தெரிந்ததே. கப்பர்நாகூமில் ஒரு வீடு. உள்ளே இயேசு போதித்துக்கொண்டிருக்கிறார். வாசலுக்கு வெளியேயும் இடமில்லாத கூட்டம். நடக்க முடியாத ஒருவரை நான்கு பேர் படுக்கையோடு தூக்கிக்கொண்டு வருகிறார்கள். உள்ளே போக வழியில்லை. இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர்கள் திரும்பிப் போகவில்லை. கூரைமேல் ஏறி, அதைப் பிரித்து, படுக்கையை இயேசுவின் முன்னால் இறக்கிவிட்டார்கள்.

அந்த நோயாளியை நமது திருவிவிலியம் முடக்குவாதமுற்றவர் என்று சொல்கிறது. இன்று நம் மருத்துவர்கள் முடக்குவாதம் என்று சொல்வது வேறொரு நோயை. ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்கிற மூட்டு நோய் அது. உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்குகிறது. காலையில் விரல்கள் விறைத்துக் கிடக்கும். நாளடைவில் மூட்டுகள் கோணிப்போகலாம். வயதானவர்களுக்கு வரும் முழங்கால் தேய்மானம் இன்னொரு வகை. நோய்கள் வேறு வேறு. ஆனால் சுமந்து செல்ல நான்கு பேர் வேண்டும் என்பது மட்டும் அன்றும் இன்றும் ஒன்றுதான்.

நம் கீழ்க்கட்டளையில் அன்பியம் ஒன்றைச் சேர்ந்த ஒரு தாய். கணவர் இல்லை. தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தவர். ஊசியில் நூல் கோத்த அந்த விரல்கள் இன்று தண்ணீர்க் குழாயைத் திறக்க மறுக்கின்றன. ஆறு ஆண்டுகளாக அன்பியக் கூட்டத்தில் அவருக்காகச் செபித்து வந்தோம். ஒருநாள், "அரசு உதவிக்கு விண்ணப்பம் போட்டீர்களா அம்மா?" என்று கேட்டோம். அவர் சொன்னார்: "ஃபாதர், கை நீட்டி வாங்குறதுக்கு வெக்கமா இருக்கு. நம்ம நோய் லிஸ்டுலயே இல்லன்னு கம்ப்யூட்டர் கடையில சொல்லிட்டாங்க. அப்படியே இருந்தாலும் செங்கல்பட்டுக்கு என்னோட யார் வருவாங்க?"

மூன்றே வாக்கியங்கள். மூன்றுக்கும் நாம் பதில் சொல்லியாக வேண்டும்.

முதலாவது, வெட்கம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் பொதுநிலையினரின் திருத்தூதுப் பணி பற்றி 1965இல் ஓர் ஏட்டை வெளியிட்டது. நீதியின்படி ஒருவருக்குச் சேரவேண்டியதை அன்பளிப்பு என்ற பெயரில் கொடுக்கக் கூடாது என்று அது கற்பிக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் நிறைவேறி, 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன் பெயரிலேயே உரிமை என்ற சொல் இருக்கிறது. இத்தனை ஆண்டுகள் உழைத்துத் தேய்ந்த கை, தனக்கு உரியதைக் கேட்க நீளும்போது அது பிச்சை ஆகாது.

இரண்டாவது, பட்டியல். அந்தச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. மூட்டுவாதம் என்ற பெயர் அதில் இல்லை என்பது உண்மையே. ஆனால் கை, கால் இயக்கக் குறைபாடு என்ற வகை இருக்கிறது. எலும்போ மூட்டோ தசையோ நரம்போ பாதிக்கப்பட்டு, தானாக நடமாடவும் பொருள்களைக் கையாளவும் முடியாமல் போனால் அது இந்த வகையில் வரும். ஆகவே, உங்களுக்கு என்ன நோய் என்பதைவிட, அந்த நோயால் எந்த அசைவு நின்றுபோயிற்று என்பதே அங்கே கேள்வி.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். மருத்துவர் வலியை மட்டும் கேட்பதில்லை. மூட்டு எவ்வளவு மடங்குகிறது, கைப்பிடியில் எவ்வளவு பலம் இருக்கிறது, சமதரையில் நடக்க முடிகிறதா, படி ஏற முடிகிறதா, குந்தி உட்கார, சம்மணமிட, முழங்காலிட முடிகிறதா என்று பார்க்கிறார். நம் தாய்மார்கள் என்ன செய்கிறார்கள்? மருத்துவரைப் பார்த்ததும் சேலையைச் சரிசெய்து, நிமிர்ந்து உட்கார்ந்து, "பரவாயில்லை டாக்டர்" என்கிறார்கள். காலை ஆறு மணிக்கு மடங்காத விரல் பதினொரு மணிக்குக் கொஞ்சம் இளகியிருக்கும். அந்த ஆறு மணியையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மிகைப்படுத்தவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். பழைய மருந்துச் சீட்டு, எக்ஸ்ரே, இரத்தப் பரிசோதனை முடிவு எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

தனித்துவ அடையாள அட்டைக்கு இணையத்தில் விண்ணப்பிக்கலாம். இ-சேவை மையத்திலும் உதவி கேட்கலாம். சான்றிதழில் 40 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்தால்தான் பெரும்பாலான உதவிகள். வருவாய்த் துறை வழங்கும் மாத உதவித்தொகை 2023 ஜனவரியில் 1,000 ரூபாயிலிருந்து 1,500 ரூபாய் ஆனது. அதற்கு வருமானம் போன்ற நிபந்தனைகள் உண்டு. கொடுத்த விழுக்காடு சரியில்லை என்று தோன்றினால் மேல்முறையீடு செய்யச் சட்டத்திலேயே இடமிருக்கிறது. இடைத்தரகருக்கு ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.

எல்லாருக்கும் 40 கிடைத்துவிடும் என்று நாம் வாக்குக் கொடுக்க முடியாது. சிலருக்கு 20, 30 என்று வரும். அதற்காக அவருடைய வேதனை பொய்யாகிவிடாது. முதியோர் உதவித்தொகைக்குத் தகுதி உண்டா என்று பாருங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை தருகிறார்கள். அதையும் கேளுங்கள்.

மூன்றாவது கேள்விதான் நம்மை உறுத்தியது: "என்னோட யார் வருவாங்க?" 2019இல் செங்கல்பட்டு தனி மாவட்டமானது முதல், மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு நாம் அங்கேதான் போக வேண்டும். கீழ்க்கட்டளையிலிருந்து பேருந்தில் பல்லாவரம், அங்கே நிலையப் படிக்கட்டு, பிறகு மின்ரயில், இறங்கியபின் ஆட்டோ. நல்ல முழங்கால் உள்ளவருக்கே அலுப்புத் தரும் பயணம். சாதாரண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கு மட்டுமல்ல, உடன் வரும் துணையாளர் ஒருவருக்கும் 2021 முதல் கட்டணம் இல்லை. துணைக்கு ஓர் ஆள் வேண்டும் என்பது அரசுக்கே தெரிந்திருக்கிறது. ஆறு ஆண்டுகள் செபித்த நமக்கு அது தோன்றவில்லை.

கப்பர்நாகூமில் வாசலை அடைத்து நின்றவர்கள் கெட்டவர்கள் அல்லர். இயேசுவின் சொல்லைக் கேட்க ஆசையோடு வந்தவர்கள்தாம். ஆனால் அவர்கள் நகரவில்லை. நாமும் அந்தக் கூட்டமாகவே நின்றிருக்கிறோம் என்று அன்று உணர்ந்தோம்.

பிறகு அந்த அன்பியத்தில் நான்கு பேர் முன்வந்தார்கள். கல்லூரி மாணவி விண்ணப்பத்தை நிரப்பினார். பக்கத்து வீட்டு அக்கா மருத்துவச் சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கினார். ஆட்டோ ஓட்டும் தம்பி ஒருநாள் சவாரியை விட்டார். ஓய்வுபெற்ற அண்ணன் ஒருவர் வரிசையில் நின்று இடம் பிடித்தார். முதல்முறை ஒரு தாள் குறைந்து திரும்பினார்கள். இரண்டாம்முறை சான்றிதழ் கிடைத்தது, 40க்கு மேல். உதவித்தொகை மனு இன்னும் விசாரணையில் இருக்கிறது. அந்தத் தாய் நம்மிடம் சொன்னது பணத்தைப் பற்றி அல்ல. "நாலு பேர் என்னோட வந்தாங்க, ஃபாதர்" என்றார்.

மாற்கு ஒரு செய்தியைக் கவனமாக எழுதுகிறார். இயேசு கண்டது படுக்கையில் கிடந்தவரின் நம்பிக்கையை மட்டுமல்ல. தூக்கி வந்தவர்களின் நம்பிக்கையையும்தான். கூரையைப் பிரித்த அந்தக் கைகளில் அவர் நம்பிக்கையைக் கண்டார்.

இந்த வாரம் ஒவ்வொரு அன்பியமும் கேட்கட்டும்: நம் தெருவில் படி இறங்க முடியாமல் இருப்பவர் யார்? அவருக்கு அந்த நான்கு பேர் எங்கே?

செபிப்போம். இரக்கமுள்ள ஆண்டவரே, வலியில் முடங்கிக் கிடப்போரை நினைவுகூரும். தங்களுக்கு உரியதைக் கேட்க அவர்களுக்குத் துணிவைத் தாரும். வாசலை மறைத்து நிற்கும் எங்களைச் சுமந்து செல்பவர்களாக மாற்றும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.