கர்ப்பிணியின் பல்வலியும் வைத்தியரின் தயக்கமும்



ஆறு மாதச் சிசுவைச் சுமக்கும் ஒரு சகோதரிக்குக் கடைவாய்ப் பல் வலிக்கின்றது என வைத்துக்கொள்வோம். பல் வைத்தியர், "பிள்ளை கிடைத்த பின்னர் வாருங்கள்" என்கிறார். கிளினிக்கில் கேட்டால், "பல் வைத்தியரிடமே கேளுங்கள்" என்கிறார்கள். கணவர் பார்மசிக்குச் சென்று ஏதோவொரு வலி மாத்திரையை வாங்கி வருகிறார். ஆபத்து அங்கேதான் ஆரம்பமாகின்றது.

வைத்தியர்களின் தயக்கம் காரணமற்றதன்று. 1957இல் ஜேர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடொமைட் மாத்திரையைக் கர்ப்பகால வாந்திக்காக உட்கொண்ட தாய்மாருக்குக் கைகால் குறைபாடுகளுடன் ஆயிரக்கணக்கான குழந்தைகள் பிறந்தன. 1961இல் அது அங்கு மீளப் பெறப்பட்டது. அந்த அச்சம் நியாயமானதே. ஆயினும், அச்சம் அறிவுக்கு ஈடாகாது. அமெரிக்க மகப்பேற்று மருத்துவர்களின் கல்லூரி, பல் பிடுங்குதல், வேர்ச் சிகிச்சை, விறைப்பூசி, வயிற்றை மறைத்து எடுக்கும் எக்ஸ்ரே ஆகியவை கர்ப்பகாலத்தில் பாதுகாப்பானவை என 2013இல் தெளிவாகக் கூறியது. நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை நாற்காலியில் சாய்வது இலகு. அவசரமெனில் எம்மாதத்திலும் செய்யலாம்.

நுணுக்கம் மருந்துகளிலேயே இருக்கின்றது. நாம் பனடோல் என்றழைக்கும் பரசிட்டமோல் உரிய அளவில் ஏற்றது. ஒவ்வாமை இல்லாதவருக்கு அமொக்சிசிலினை வைத்தியர் வழங்கலாம். இபுப்ரூஃபெனும் டைக்ளோஃபெனாக்கும் அவ்வாறல்ல. 20 வாரங்களின் பின் அவை சிசுவின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பன்னீரைக் குறைக்கக்கூடும் என அமெரிக்க மருந்து நிர்வாகம் 2020இல் எச்சரித்தது. இறுதி மாதங்களில் சிசுவின் இதயத்தருகேயுள்ள இரத்தக் குழாயொன்று முன்கூட்டியே மூடிக்கொள்ளவும் கூடும். டெட்ராசைக்ளின், பிறக்கவிருக்கும் பிள்ளையின் பாற்பற்களில் கறையை ஏற்படுத்தும்.

"பிள்ளை தாயின் பல்லிலிருந்து கல்சியத்தை உறிஞ்சுகிறது" எனும் மூத்தம்மாமாரின் பேச்சுக்கு ஆதாரமில்லை. முரசு வீங்குவது ஹோர்மோன் மாற்றத்தாலாகும். மிஸ்வாக்கை இத்துணை வலியுறுத்திய மார்க்கத்தவர், முரசில் இரத்தம் கண்டதும் பல் துலக்குவதையே கைவிடுவது விந்தையன்றோ!

இளம் கணவர்மாரே, மனைவியைத் தனியே அனுப்பாதீர்கள். பெண் பல் வைத்தியர் இல்லையென்று சிகிச்சையைத் தள்ளிப்போடவும் வேண்டாம். தேவையின்போது மஹ்ரம் உடனிருக்க ஆண் வைத்தியரிடம் காட்டுவதற்கு உலமாக்கள் அனுமதியளித்துள்ளனர். கிளினிக் அட்டையைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். "இத்தனையாவது வாரம், இம்மருந்து பொருந்துமா?" என்று கேளுங்கள். பல் வைத்தியர் தயங்கினால், மகப்பேற்று வைத்தியருக்கு ஒரு கடிதம் எழுதித் தருமாறு பணிவோடு வேண்டுங்கள். கன்னம் வீங்கிக் காய்ச்சலும் கண்டால், அல்லது வாய் திறக்க முடியாமற் போனால், கடிதத்துக்குக் காத்திராமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள்.