சிற்றுயிரும் ஒரு சமுதாயமே!

(சாத்தான்குளத்தில் நிகழ்த்தப்பட்ட ஜும்ஆ உரை)

புகழனைத்தும் வல்ல அல்லாஹ்வுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

கண்ணியத்திற்குரிய ஜமாஅத்தார்களே!

பெருநாள் விடுமுறை வந்துவிட்டால் நம் வட்டாரத்துக் குடும்பங்கள் பல கடற்கரையை நாடிச் செல்கின்றன. மணப்பாட்டில் கடலுக்குள் நீண்டு நிற்கும் பாறைமேட்டை நீங்கள் அறிவீர்கள். கடல் உள்வாங்கும் வேளையில் இத்தகைய பாறைகளின் குழிகளில் நீர் தேங்கி நிற்கும். பிள்ளைகள் அங்கே கற்களைப் புரட்டுவார்கள். கையில் அகப்பட்ட உயிர்களைப் பாட்டிலில் அடைப்பார்கள். வீடு வந்து சேர்வதற்குள் அவை மடிந்துவிடும். நாமும் அதை விளையாட்டென்று விட்டுவிடுகிறோம். அது விளையாட்டுதானா?

பாசி படர்ந்த பாறைகளிலும் ஆழமற்ற நீரிலும், ஓடில்லாத ஒரு சிறு கடல் நத்தை இனம் வாழ்கிறது. நமது மன்னார் வளைகுடாவிலும் அது உண்டு. அறிவியலார் அதனை 'எலைசியா' என்பர். நாம் அறிந்த கடலட்டை வேறு, இது வேறு. முத்துச்சிப்பிகளை ஆராய்ந்த இலங்கை மருத்துவர் கெலார்ட், 1858ஆம் ஆண்டிலேயே இதில் ஒரு வகையை விவரித்து எழுதினார். இவற்றுள் பெரும்பாலானவை ஒரு விரல் நீளம்கூட இரா. இரு பக்கத்து மடல்களையும் விரித்தால், பச்சை இலை ஒன்று ஊர்ந்து செல்வது போலவே தோன்றும்.

இதன் உணவு கடற்பாசி. கூரிய பல்லால் பாசியைக் குத்திச் சாற்றை உறிஞ்சுகிறது. அச்சாற்றில் பசுங்கணிகங்கள் உள்ளன. சூரிய ஒளியைக் கொண்டு பாசிக்கு உணவு தயாரிப்பவை அவைதாம். இவ்வினத்தின் பல வகைகள் அவற்றைச் செரித்து அழித்துவிடாமல், தம் உயிரணுக்களுக்குள்ளேயே காத்து வைக்கின்றன. 1965இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதனை வெளிப்படுத்தினர். நத்தையின் உடலுக்குள்ளும் அவை ஒளியை ஏற்று இயங்குகின்றன. சில வகைகளில் சில நாட்கள், அமெரிக்கக் கடலோரத்து வகை ஒன்றில் மாதக்கணக்கில்! அதனால் நத்தைக்குக் கிடைக்கும் உணவு எவ்வளவு என்பதில் அறிஞர்களிடையே இன்னும் கருத்து வேறுபாடு உண்டு.

சிந்தித்துப் பாருங்கள்! எந்த உயிரின் உணவும் தன் பொறுப்பிலேயே உள்ளதென அல்லாஹ் திருமறையில் (11:6) அறிவிக்கின்றான். ஓடும் இல்லாத இச்சிற்றுயிருக்கே இத்தகைய ஏற்பாட்டைச் செய்தவன் நம்மை மறந்துவிடுவானா? நாளைய உணவுக்கு வழியென்ன என்று கலங்கி வட்டியின் வாசலில் நிற்பவர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டாமா?

பூமியில் வாழும் உயிர்களும் பறவைகளும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்றும் திருமறை (6:38) உணர்த்துகிறது. முன்னர் வாழ்ந்த நபி ஒருவரை எறும்பு கடித்தது. அவர் அந்த எறும்புப் புற்றையே எரிக்கச் செய்தார். தன்னைத் துதிக்கும் ஒரு சமுதாயத்தையே அழித்துவிட்டீரே என்று அல்லாஹ் அவரைக் கண்டித்தான். இச்செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் பதிவாகியுள்ளது. கடித்த எறும்பின் கூட்டத்திற்கே இந்த நீதியென்றால், நமக்குத் தீங்கேதும் செய்யாத உயிரை வேடிக்கைக்காகக் கொல்வதற்கு நாம் என்ன பதில் சொல்வோம்?

பெரியவர்களாகிய நாமும் குற்றமற்றவர்கள் அல்லர். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. ஆனால் சுண்ணாம்புக்கென மனிதர்கள் பவளப்பாறைகளை வெட்டியெடுத்ததன் விளைவாக, பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் 2 தீவுகள் நீரில் மூழ்கிவிட்டன. மனிதரின் செயல்களால் தரையிலும் கடலிலும் சீர்கேடு தோன்றுவதைத் திருமறை (30:41) எச்சரித்திருக்கவில்லையா? உண்ட பாசியின் பசுமையைக்கூட நத்தை காத்து வைக்கிறது. நாமோ உண்டு முடித்ததும் பாலிதீன் பைகளைக் கடற்கரையிலேயே விட்டு வருகிறோம்.

அன்பிற்கினிய பெற்றோர்களே! அடுத்த முறை பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். பாறைக் குழியருகே அமர்த்தி, அல்லாஹ்வின் படைப்பைக் காட்டுங்கள். உயிர்களை அவை வாழும் இடத்திலேயே கண்டு மகிழச் சொல்லுங்கள். புரட்டிய கல்லை முன்பிருந்தவாறே மெல்லத் திருப்பி வைக்கப் பழக்குங்கள். கொண்டு சென்ற பைகளைத் திரும்ப எடுத்து வாருங்கள். பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளையே என்பது நம் நபி (ஸல்) அவர்களின் போதனையாகும்.

படைப்புகளின் மீது இரக்கம் காட்டி, படைத்தவனின் அருளைப் பெறும் நன்மக்களாக நம்மையும் நம் சந்ததிகளையும் வல்ல நாயன் ஆக்கியருள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.