செய்யுள் என்னும் பெயர்



பல்லவர் காலத்தில் குன்றைக் குடைந்து அமைத்த அரங்கநாதர் சந்நிதியின் அடிவாரத்திலே நின்று இலக்கணம் பேச வருபவனுக்குச் சிறிது கூச்சம் உண்டாவது இயல்பே. ஏனெனில், இங்கே கூடியிருப்போருள் பலர் செஞ்சித் தேசிங்குராஜன் கதையைத் தொட்டிலிலேயே கேட்டு வளர்ந்தவர்கள். ஆயினும், அக்கதையைச் செய்யுள் என்று மதிப்பதா, தெருப்பாட்டு என்று ஒதுக்குவதா என்னும் வினாவே செய்யுள் என்ற சொல்லின் பிறப்பை ஆராயும்படி என்னைத் தூண்டியது.

பள்ளிக்கூடப் பாடநூல்கள் செய்யுட்பகுதி, உரைநடைப்பகுதி என இரு கூறு செய்து வைத்தமையால், எதுகையும் மோனையும் சீரும் தளையும் பொருந்தி, மனப்பாடம் செய்து ஒப்பிக்க வேண்டியது எதுவோ அதுவே செய்யுள் என்னும் அபிப்பிராயம் நம் உள்ளத்தில் வேரூன்றிவிட்டது. பழைய பிரயோகம் அப்படியன்று. செய் என்னும் பகுதியோடு உள் என்னும் விகுதி சேர்ந்து செய்யுள் ஆயிற்று. விக்குள் என்பதிலும் அதே விகுதியைக் காணலாம். செய்யப்பட்டது என்பதே நேர்ப்பொருள். நன்செய் புன்செய்களுக்கிடையே வாழும் உங்களுக்குச் செய் என்றவுடன் வயல் நினைவுக்கு வரும். சொல் விளையும் நிலம் என்று பொருள்கொள்ள ஆசையாகவும் இருக்கும். அழகான கற்பனைதான், இலக்கணம் அதற்கு இடங்கொடாது. கிரேக்கரும் தம் கவிதைக்கு இட்ட பெயரைச் செய்தல் என்னும் வினையினின்றே பெற்றனர் என்பது இவ்விடத்து நினைக்கத்தக்கது.

தொல்காப்பியர் செய்யுளியலில் முப்பத்துநான்கு உறுப்புக்களை விரித்துரைப்பவர். யாப்பின் நுட்பம் அறியாதவர் அல்லர். அவரே பாட்டுடன் உரை, நூல், பிசி, முதுசொல் முதலியவற்றையும் கூட்டி யாப்பின் எல்லையை ஏழு நிலமாக வகுத்து, அவ்வேழினுள் ஆறு அடிவரையறை இல்லாதன என்று கூறுகின்றார். பிசி என்பது நம் பாட்டிமார் திண்ணையில் போடும் விடுகதை. முதுசொல் என்பது பழமொழி. விடுகதையும் பழமொழியும் உரைநடையுங்கூடச் செய்யுளாயின், செய்யுளுக்கு எதிர்ச்சொல் உரைநடை என்பது எவ்வாறு பொருந்தும்?

பல நூற்றாண்டு கழித்து வந்த பவணந்தியாரும் நன்னூல் சொல்லதிகாரத்தில், தாதுக்களாலாகிய உடம்பு உயிருக்கு இடமாதல்போலச் சொற்களாலாகிப் பொருளுக்கு இடமாக, வல்லோர் அணிபெறச் செய்வதே செய்யுள் என்னும் கருத்தை உரைத்தாரன்றி, அவ்விடத்தில் அடியையோ தளையையோ பேசவில்லை. அவர் சமணர். ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரைச் சில சொற்களாலேயே நினைவூட்டும் திருநாதர்குன்றத்துக் கல்வெட்டும், மேல்சித்தாமூர் மடமும் செஞ்சிச் சீமையில் இருத்தலால், சமணர் தமிழுக்கு ஆற்றிய தொண்டை உங்களுக்கு நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

பொருள் சுருங்கியது எப்போது? அமிதசாகரர் இயற்றிய யாப்பருங்கலக்காரிகை மாணவர் கைநூலாகப் பரவிய பின்னரே, பா வகையும் பாவினமும் கற்பதே செய்யுள் கற்பது என்னும் சம்பிரதாயம் வலுப்பெற்றது என்பது என் துணிபு. இதற்காக அந்நூலைக் குறை கூறலாகாது. அது யாப்பைச் சொல்ல வந்தது, யாப்பைச் சொல்லிற்று. பா என்பதற்கும் தொல்காப்பிய உரையாசிரியரான பேராசிரியர் தம் உரையில் ஓர் அருமையான விளக்கம் தருகின்றார்: தொலைவில் ஒருவன் ஓதும்போது எழுத்தும் சொல்லும் விளங்காவிடினும், இன்ன செய்யுள் என்று நம்மை உணரச் செய்யும் பரந்த ஓசையே பாவாம். ஆகவே பா என்பது ஓசையின் பெயர். செய்யுள் என்பது ஆக்கத்தின் பெயர். ஒன்றை மற்றொன்றின் இடத்தில் வைத்ததே பிழை.

இனித் தேசிங்கிடம் வருவோம். 1714-இல் ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லாகானின் படையோடு பொருது மாண்ட அவ்விளைஞனுக்கு, இக்குன்றத்து அரங்கநாதர் போருக்கு விடைகொடாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பது இவ்வூர் ஐதிகம். சரித்திரம் அதற்குச் சாட்சி சொல்லாது, பாட்டு சொல்லும். பழங்கதை உரையோடு விரவி வருவதைத் தொன்மை என்றும், ஊர்வழக்குச் சொல்லால் ஆராயாமலே பொருள் விளங்க அமைவதைப் புலன் என்றும் தொல்காப்பியர் செய்யுளின் வனப்பு எட்டனுள் இரண்டாக எண்ணினார். நீலவேணிக் குதிரையையும் மகமத்கானின் நட்பையும் பாடகர் வசனமும் பாட்டுமாகச் சொல்லிவரும் கதைக்கு இவ்விரண்டும் பொருந்தாவெனில் வேறு எதற்குத்தான் பொருந்தும்? அது செய்யுளே என்பதில் எனக்கு ஐயமில்லை.

இவ்வட்டாரத் தமிழாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெரிய எழுத்துப் புத்தகங்களில் அச்சேறியது இக்கதையின் ஒரு பாடமே. வாய்மொழியாக வழங்கும் பிற பாடங்களையும், மாணவர் வீட்டு முதியோர் சொல்லும் விடுகதைகளையும், சொல்பவர் குரல் ஓய்வதற்குள், திருத்தாமல் உள்ளபடியே எழுதிவையுங்கள்.