நாய் வாயைத் திறக்க மறுத்தால்

ஓசூர் சிப்காட்டில் இரவு ஷிப்ட் முடித்து வீடு திரும்புகிறீர்கள். உங்கள் நாய் சோற்றை முகர்ந்துவிட்டு விலகிப் போகிறது, எச்சில் ஒழுகுகிறது. எலும்பு சிக்கியிருக்குமோ என்று வாய்க்குள் கையை விடத் தோன்றும். தயவுசெய்து விடாதீர்கள். வெறிநோயிலும் தாடை தொங்கும், எச்சில் வழியும், தொண்டையில் ஏதோ அடைத்ததுபோலவே தெரியும். தடுப்பூசி போடாத நாய் என்றால் இன்னும் கவனம் வேண்டும். உங்கள் கைக்காயத்தில் எச்சில் பட்டுவிட்டதா? சோப்புப் போட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

மற்றபடி பல நேரம் பல்தான் காரணம். வளர்ந்த நாய்க்கு 42 பற்கள். கெட்டியான எலும்பைக் கடித்து மேல் கடைவாய்ப்பல் பிளந்தால், சீழ் கோத்துக் கண்ணுக்குக் கீழே வீங்கும். கண்நோய் என்றே நினைத்துவிடுவோம். வாய் நாற்றம், ஒருபக்கமாக மெல்லுதல் இவையும் வலியின் அடையாளங்கள். வலியை மறைத்துக்கொண்டே சாப்பிடும் நாய்கள் உண்டு. என்னை மிகவும் வருத்துவது அதுதான்.

நாம் போடும் பாராசிட்டமால், இபுபுரூஃபன் மாத்திரைகளை நாய்க்குக் கொடுக்காதீர்கள். அவை உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் பக்கத்திலுள்ள அரசு கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். பெரிய சிகிச்சை தேவைப்பட்டால், எல்லை தாண்டி பெங்களூரு ஹெப்பாளில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வெறிநோய்த் தடுப்பூசியை மட்டும் எந்த ஆண்டும் தவறவிடாதீர்கள்.