பை வாங்குற பேப்பரில் ஒரு வரி

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் செயலாளர் ஆற்றிய உரை)



கடன், வட்டி, சேமிப்புக் கணக்கெல்லாம் நம்ம பொருளாளர் இப்பத்தான் வாசிச்சாங்க. நான் வேற ஒரு விஷயம் பேச வந்திருக்கேன். நம்ம நாட்டிலேயே பெரிய வாடிக்கையாளர் யாருன்னு கேட்டா, பெரிய கடை முதலாளின்னு நினைப்போம். அது இல்லை. அரசாங்கம்தான். நாற்காலி, மேஜை, ஃபேன், பேப்பர், பை, டீ டம்ளர், பள்ளிக்கூடத்துச் சாப்பாடு என்று அரசு வாங்காத பொருளே கிடையாது. காலை உணவுத் திட்டம் 15.9.2022 அன்று மதுரையில் தொடங்கியது. அதில் சமைப்பது நம்ம மாதிரி குழுப் பெண்கள்தான். ஆக, நாமும் அரசுக்கு வேலை செய்து கொடுக்கிறவர்கள்தான்.

இவ்வளவு வாங்குகிற அரசு, எதை வாங்குது என்பதைப் பொறுத்துத்தான் நம்ம ஊர் குப்பையும் கூடும், குறையும். நம்ம வேலையும் கூடும், குறையும். இது எங்களுக்கு எப்படிப் புரிஞ்சுது என்று சொல்றேன்.

தமிழ்நாட்டில் ஒரு தடவை மட்டும் பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 1.1.2019 முதல் தடை. 2021 டிசம்பர் 23-ஆம் தேதி ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தை முதலமைச்சர் தொடங்கி வைத்தார். அதற்குப் பிறகு நம்ம தையல் குழுவுக்கு நல்ல காலம் வந்துட்டுது என்று சந்தோஷப்பட்டோம். ஒரு அலுவலகத்தில் விழாவுக்கு 2,000 பைகள் வேணும் என்று விலைப்புள்ளி கேட்டார்கள். நாங்களும் காடாத் துணி விலை, நூல், தையல் கூலி எல்லாம் கணக்குப் போட்டு எழுதிக் கொடுத்தோம். ஆர்டர் வேற ஒருத்தருக்குப் போச்சு. அவங்க விலை எங்க விலையில் பாதி.

விழா அன்று நானும் போயிருந்தேன். எல்லார் கையிலும் மஞ்சள் பை. எங்க குழுத் தங்கச்சி ஒருத்தி பையைத் தடவிப் பார்த்தா. “அக்கா, இதுல நூலே இல்லை” என்றாள். வெளியே வந்து ஓரத்தில் தீக்குச்சி வைத்தோம். பருத்தி என்றால் பேப்பர் மாதிரி எரிந்து சாம்பலாகும். இது உருகி, சுருண்டு, சொட்டு விட்டது. நெய்யாத துணி என்கிறார்களே, அதுதான். பார்க்கத் துணி மாதிரி இருக்கும், உள்ளே முழுக்கப் பிளாஸ்டிக். தடைப் பட்டியலில் இருக்கிற பைதான் அது. அதைக் கையில் வைத்துக்கொண்டே மேடையில் பிளாஸ்டிக் ஒழிப்பு பற்றிப் பேசினார்கள்.

மறுநாள் அந்த அலுவலகத்துக்கு நாலு பேராகப் போனோம். சண்டை போடத்தான் போனோம். அந்த அதிகாரி விலைப்புள்ளி கேட்ட பேப்பரை எடுத்துக் காட்டினார். “மஞ்சள் பை, 14-க்கு 16 அங்குலம்” என்று மட்டும் இருந்தது. “பருத்தின்னு இதுல எழுதலையேம்மா. எழுதாம இருக்கும்போது குறைஞ்ச விலைக்குத்தான் நான் கொடுக்கணும். இல்லேன்னா ஆடிட்டில் என்னைத்தான் கேப்பாங்க” என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். தப்பு அந்தப் பேப்பரில் எழுதாமல் விட்ட ஒரு வரியில் இருந்தது.

விலை குறைவு என்பதையும் யோசித்துப் பாருங்க. வீட்டில் பாத்திரம் வாங்கும்போது எத்தனை வருஷம் உழைக்கும் என்று கேட்காமல் வாங்குவோமா? ஒரு சாதாரண சீலிங் ஃபேன் சுமார் 75 வாட் கரண்ட் எடுக்கும். புதுசா வந்திருக்கும் பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட் பக்கம். ஆபீசில் நாளைக்கு 8 மணி நேரம், வருஷத்துக்கு 250 நாள் ஓடினால், முதல் ஃபேனுக்கு 150 யூனிட், இரண்டாவதுக்கு 60 யூனிட். வாங்கும்போது மலிவாக இருந்த ஃபேன் வருஷா வருஷம் 90 யூனிட் கூடுதலாகத் தின்னும். பையும் அப்படித்தான். நாலு தடவையில் கிழிந்து சாக்கடையை அடைக்கும் பையையும், துவைத்துத் துவைத்துப் பயன்படுத்தும் பையையும் ஒரே தராசில் வைத்து விலை பார்த்தால், நல்ல பை என்றைக்கும் தோற்கும்.

அடுத்த தடவை நாங்க முன்னாடியே போனோம். விலைப்புள்ளி கேட்பதற்கு முன்னே ஒரு மனு கொடுத்தோம். நெய்த பருத்தித் துணியாக இருக்கணும், கைப்பிடிக்கு இரட்டைத் தையல் வேணும், 5 கிலோ தாங்கணும், மாதிரிப் பையைச் சோதிச்சுப் பார்த்துத்தான் ஆர்டர் கொடுக்கணும் என்று எழுதினோம். எங்களுக்குத்தான் கொடுங்க என்று கேட்கலை. அந்த வரிகள் பேப்பரில் ஏறின. மூணு பேர் விலை கொடுத்தாங்க, ஆர்டர் நமக்கு வந்தது.

இங்கே ஒரு உண்மையையும் சொல்லிடணும். அந்த ஆர்டரை நாலு நாள் தாமதமாகத்தான் முடிச்சோம். கைப்பிடி சரியில்லை என்று 60 பை திரும்பி வந்தது. ராத்திரி உட்கார்ந்து பிரிச்சுத் தைச்சோம். 2004-இல் லாலு பிரசாத் யாதவ் ரயில்வே அமைச்சராக இருந்தபோது ரயில் நிலையங்களில் மண் குவளையில் டீ கொடுக்கச் சொன்னார். குயவர்களுக்கு நல்ல செய்தி. ஆனால் கொஞ்ச வருஷத்தில் பல இடங்களில் பேப்பர் கப்பும் பிளாஸ்டிக் கப்புமே திரும்ப வந்துவிட்டது. உத்தரவு மட்டும் போதாது. சொன்ன நாளில், சொன்ன தரத்தில் கொடுக்க ஆள் வேணும். அந்த ஆளாக நாம் இருக்கணும்.

அதனால் மூணு விஷயம் கேட்டுக்கிறேன். ஒன்று, பொருள் செய்யும் ஒவ்வொரு குழுவும் உதயம் பதிவு செய்துகொள்ளுங்க. மத்திய அரசுத் துறைகள் தங்கள் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு தொழில்களிடம் வாங்கணும், அதில் 3 சதவீதம் பெண்கள் நடத்தும் தொழில்களிடம் என்று கொள்கையே இருக்கு. பதிவு இல்லாமல் அதைக் கேட்க முடியாது. வழி தெரியாவிட்டால் மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்க. இரண்டு, ஒரு குழுவால் முடியாத ஆர்டரை மூணு குழு சேர்ந்து எடுங்க. ஒரே அளவு, ஒரே தையல், தரம் பார்க்க ஒரு ஆள். மூணு, கிராமசபைக்குப் போகும்போது குடிதண்ணீர், தெருவிளக்கோடு இதையும் கேளுங்க: நம்ம ஊராட்சி என்ன வாங்குது, அந்தப் பேப்பரில் என்ன எழுதியிருக்கு?

மேடையில் இருக்கும் அலுவலர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை பை வாங்கக் கையெழுத்துப் போடும்போது, “நெய்த பருத்தித் துணி” என்ற மூணு வார்த்தை இருக்கா என்று பாருங்கள். அந்த மூணு வார்த்தையில் எங்க தையல் மிஷின் ஓடும், உங்க ஊர் சாக்கடையும் அடைக்காது.