முயற்சியைப் பாராட்டுவோம்!

(தொடக்கப்பள்ளி ஆசிரியரிடை ஆற்றிய உரை)



1998-இல், கிளாடியா முல்லர், கரோல் துவெக் என்னும் அமெரிக்க உளவியல் அறிஞர் இருவர், ஐந்தாம் வகுப்புச் சிறார்க்குப் புதிர்கள் தந்து ஆய்ந்தனர். ‘நீ அறிவாளி’ எனப் புகழப்பெற்றவருள் பெரும்பாலார், அடுத்துத் தமக்கு எளிதாய் வருவனவற்றையே நாடினர். கடும்புதிரில் தோற்றபின் முன்னினும் பின்தங்கினர். ‘நன்கு முயன்றாய்’ எனப் பாராட்டப்பெற்றவரோ, தோற்றபின்னும் முன்னேறினர்.

எனவே, பிள்ளைகட்கு ஓர் அறைகூவல் விடுங்கள்: இரண்டு நூல்களுக்கிடையே ஒரே தாளைப் பாலமாக்கிப் பத்துக் காசுகளைத் தாங்கச் செய்க! வெறுந்தாள் தொய்யும், காசுகள் சிதறும். விடை கூறாதீர்; ‘வேறு எவ்வாறு செய்யலாம்?’ என்றே வினவுங்கள். விசிறி மடிப்பாய் மடித்த தாள் தாங்குமெனத் தாமே கண்டறிவர். அப்போது, ‘எத்தனை வகையாய் மடித்துப் பார்த்தாய்!’ என வியந்து பாராட்டுங்கள்.

‘மக்கு’ என ஒதுக்கப்பெற்ற பிள்ளையும் அன்று தலைநிமிரும்!