கடல் கடந்த கல்யாணத்துக்குக் கேமராவோடு கிளம்பும் முன்...

(திருமணப் புகைப்படக் கலைஞர்களுக்கான பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம்ம ஊர் ஸ்டுடியோக்காரர்களுக்கு இப்போ சிங்கப்பூர், மலேசியா, இலங்கையிலிருந்தெல்லாம் கல்யாண ஆர்டர் வருது. சந்தோஷமான விஷயம்தான். ஆனா படம் எடுக்கிறது மட்டும் நம்ம வேலை இல்லை, காகித வேலையும் நம்மளுடையதே. சிங்கப்பூரை உதாரணமா வெச்சு வரிசையாச் சொல்றேன்.

முதலில் பாஸ்போர்ட். அது பயண நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். இப்பவே எடுத்துத் தேதியைப் பாருங்க. புதுப்பிக்க வேண்டியிருந்தால் 'எம்பாஸ்போர்ட் சேவா' செயலியிலேயே விண்ணப்பித்து, நேரம் குறித்துக்கொள்ளலாம். சென்னை, மதுரை, திருச்சி, கோவை என நான்கு இடங்களில் மண்டல அலுவலகங்கள் உள்ளன. அவசரம் என்றால் தட்கல் முறையும் உண்டு.

அடுத்தது விசா. இதுதான் முக்கியம், கொஞ்சம் கவனமாக் கேளுங்க. சுற்றுலா விசா ஊர் சுற்றிப் பார்க்கத்தான். சம்பளம் வாங்கி வேலை செய்ய அல்ல. "யாராவது கேட்டா சொந்தக்காரர்னு சொல்லிடுங்க தம்பி" என்று கல்யாண வீட்டார் சொல்லலாம். அதை நம்பிப் போகாதீங்க. சிங்கப்பூரில் உரிய அனுமதி இல்லாமல் வேலை செய்தால் 20,000 சிங்கப்பூர் டாலர் வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. மாட்டிக்கொள்வது கல்யாண வீட்டார் இல்லை, நீங்கள். ஆர்டரை ஒப்புக்கொள்ளும் முன்பே அந்நாட்டு மனிதவள அமைச்சின் இணையதளத்தைப் பார்த்து, எழுத்து மூலம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். அனுமதி கிடைக்காது என்றால் அந்த ஊர் ஸ்டுடியோவிடம் படப்பிடிப்பை விட்டுவிட்டு, ஆல்பம் வடிவமைப்பு, எடிட்டிங் வேலையை இங்கிருந்தே செய்து கொடுங்கள். வருமானமும் வரும், பயமும் இல்லை. விசாவே தேவையில்லாத நாடாக இருந்தாலும் இதே கணக்குத்தான்: உள்ளே நுழையலாம் என்பதும் வேலை செய்யலாம் என்பதும் வேறு வேறு.

சிங்கப்பூர் போகிறவர்கள் வருகை அட்டையை, போய்ச் சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம். பணம் கேட்கும் தளத்தைப் பார்த்தால் உடனே மூடிவிடுங்கள்.

மூன்றாவது சுங்கம். இரண்டு கேமரா, நாலு லென்ஸ் என்றாலே பல லட்ச ரூபாய்ப் பொருள். திரும்பி வரும்போது "இதை வெளிநாட்டில் வாங்கினீர்களா?" என்ற கேள்வி வரலாம். அதற்குப் பதில், போகும்போதே நம் விமான நிலையச் சுங்க அதிகாரியிடம் வாங்கும் ஏற்றுமதிச் சான்றிதழ். பொருளின் பெயர், மாடல், சீரியல் எண், மதிப்பு ஆகியவற்றைப் பட்டியலிட்டு, பில் நகலும் கொண்டு போங்க. அதிகாரி பொருளை நேரில் பார்க்க வேண்டும்; அதனால் பெட்டியை விமான நிறுவனத்திடம் ஒப்படைக்கும் முன்பே இதை முடிக்கணும். குழுவாக நிறையச் சாதனம் கொண்டு போகிறவர்கள் 'ஏடிஏ கார்னே' பற்றி விசாரியுங்கள். இந்தியாவில் இதை வழங்குவது ஃபிக்கி அமைப்பு. அதிகபட்சம் ஓராண்டு செல்லும்.

நான்காவது பேட்டரி. உதிரி லித்தியம் பேட்டரியும் பவர் பேங்கும் கைப்பையில்தான் வரணும். செக்-இன் பெட்டியில் வைக்கக் கூடாது. 100 வாட்-மணி வரை பொதுவாகத் தடையில்லை. 100 முதல் 160 வரை என்றால் விமான நிறுவன அனுமதியோடு இரண்டு மட்டும். அதற்கு மேல் கிடையாது. கணக்கு ரொம்ப எளிது: வோல்ட்டை எம்ஏஎச்-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுங்க. 3.7 வோல்ட், 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் என்றால் 74 வாட்-மணி. முனைகளில் டேப் ஒட்டிவிடுங்கள்.

ட்ரோன் எடுத்துப் போகிறீர்களா? சிங்கப்பூரில் 250 கிராமுக்கு மேல் எடையுள்ளதைப் பதிவு செய்தாக வேண்டும். எங்கே பறக்கவிடலாம் என்பதற்குத் தனி விதிகள் உண்டு.

இனி தொழில் விஷயம். அங்கே பிளக் தட்டையான மூன்று முள், நம்முடையது உருண்டை. அடாப்டர் இரண்டு வாங்குங்க. அந்த ஊர் நேரம் நமக்கு இரண்டரை மணி முன்னால். எல்லாக் கேமராவிலும் ஒரே நேரத்தை வையுங்கள். இல்லையென்றால் ஆல்பம் அடுக்கும்போது தாலி கட்டிய பிறகு மாப்பிள்ளை அழைப்பு வரும்! கோயில் கல்யாணம் என்றால் ஃபிளாஷ் போடலாமா, எதுவரை போகலாம் என்று நிர்வாகத்திடம் முன்கூட்டியே கேளுங்க.

அன்று இரவே படங்களை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி, ஒன்றை உங்களிடமும் மற்றதை உதவியாளரிடமும் வையுங்கள். ஊர் திரும்பும்வரை மெமரி கார்டை அழிக்காதீங்க. தாலி கட்டும் நிமிடத்தை மறுபடி நடத்தச் சொல்ல முடியாது.

கடைசியாக ஒன்று. பாஸ்போர்ட், விசா, சுங்கச் சான்றிதழ் நகல்களை டிஜிலாக்கரில் சேமித்து, வீட்டில் ஒருவரிடமும் கொடுங்கள். அங்கே பாஸ்போர்ட் தொலைந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்துவிட்டு இந்தியத் தூதரகத்துக்குப் போங்க. ஊர் திரும்ப அவசரச் சான்றிதழ் தருவார்கள். தூதரக எண்ணைக் கிளம்பும் முன்பே கைபேசியில் பதிந்துகொள்ளுங்கள்.

போய் நல்ல படம் எடுத்து, நல்ல பெயரோடு திரும்பி வாங்க.